மெலிந்த உடலில் பருத்த வயிறு

கைகள் மெலிந்திருக்கின்றன, கால்கள் மெலிந்திருக்கின்றன, கழுத்தெலும்பு கூடத் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆயினும் வயிறு மட்டும் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது. இத்தகைய உடல்வாகு உடையோரை நாம் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. வளைகுடா நாட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு விடுப்பில் ஊர் திரும்பும் வாப்பா, காலை முதல் இரவு வரை கடைக் கல்லாவில் அமர்ந்திருக்கும் மாமா, இரண்டு பிள்ளைகளைப் பெற்றெடுத்த மகள் என்று நம் வீடுகளிலேயே இவர்களைக் காணலாம்.

ஆண்களுக்கு இது பெரும்பாலும் கேலிப் பேச்சோடு போய்விடுகிறது. பெண்களுக்கோ மனத்தைக் குத்தும் கேள்வியாக வருகிறது. கல்யாண வீட்டில் எதிரே அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவர், எவ்விதக் கள்ளமும் இன்றி, "என்ன புள்ளே, விசேஷமா? எத்தனை மாசம்?" என்று கேட்டுவிடுகிறார். இல்லை என்று சொல்ல நேர்ந்த அந்தப் பெண், அன்றிரவே ஒரு முடிவுக்கு வருகிறாள். காலை உணவை நிறுத்துகிறாள். மதியச் சோற்றைப் பாதியாக்குகிறாள். இரவில் வெறும் தண்ணீரோடு படுக்கிறாள். இரண்டு மாதங்களில் கன்னம் ஒட்டுகிறது, முடி கொட்டுகிறது, வளையல் கழன்று விழுகிறது. வயிறு மட்டும் அசையவில்லை.

ஏன் இப்படி? உடல் முழுவதும் வற்றிப் போகாமல் வயிற்றைக் குறைக்க வழி உண்டா? இக்கேள்விக்கு மருத்துவ அறிவியல் இன்று தெளிவான விடையை வைத்திருக்கிறது. அந்த விடையில் ஓர் ஏமாற்றமும் உண்டு. ஒரு நற்செய்தியும் உண்டு.

இரு வகைக் கொழுப்பு

வயிற்றில் சேரும் கொழுப்பு ஒரே வகையானதன்று. விரல்களால் கிள்ளினால் கையில் அகப்படும் கொழுப்பு, தோலுக்கு அடியில் இருப்பது. அழகுக்குக் குறையாகத் தோன்றினாலும் அதனால் விளையும் தீங்கு ஒப்பளவில் குறைவே. மற்றொன்று, வயிற்றுத் தசைச் சுவருக்கும் உள்ளே, குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படிவது. இதனை உள்ளுறுப்புக் கொழுப்பு என்பர். இது கையில் அகப்படாது. தசைச் சுவரை உள்ளிருந்து முன்னே தள்ளும். கை கால் மெலிந்தவர்களின் வயிறு பானை போல உருண்டு, சற்றே இறுகித் தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது கொழுப்பு அமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் ஓயாமல் வெளியிடுகிறது. குடலிலிருந்து வரும் இரத்தக் குழாயின் வழியே அவற்றில் ஒரு பகுதி நேரே கல்லீரலைச் சென்றடைகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலினின் ஆற்றல் மழுங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஏறுகின்றன. நீரிழிவும் மாரடைப்பும் வரும் வழி இதுவே.

பிரான்சு நாட்டின் மார்சே நகரைச் சேர்ந்த மருத்துவர் ழான் வாக், 1947-ஆம் ஆண்டிலேயே இதனைக் கவனித்து எழுதினார். உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைக் காட்டிலும், எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம் என்றார் அவர். இடுப்புக்குக் கீழே தொடையிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பைவிட, மேலே வயிற்றில் சேரும் கொழுப்பே நோய்களுக்கு வழிவகுக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

இரு மருத்துவர்களின் கதை

இந்த உண்மை நம் நாட்டு மக்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதனை விளக்க ஒரு சுவையான சான்று உண்டு. புணே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் சக ஆய்வாளர்கள். இருவரும் அருகருகே நிற்கும் படம் 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. பார்வைக்கு இருவரும் ஒல்லியானவர்களே. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது, ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடும் இந்தியருக்கு 21.2 விழுக்காடும் இருந்தன. உயரத்துக்கான எடைப் பொருத்தம் ஒன்றே. கொழுப்போ இரு மடங்குக்கும் மேல்!

இந்த வேறுபாடு தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது என்பதும் புணே ஆய்வுகளால் தெரிய வந்தது. அங்குள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை மிகவும் குறைந்திருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே மெலிந்த உடலும் பருத்த வயிறும் சோம்பேறித்தனத்தின் அடையாளம் மட்டுமே என்று எவரையும் பழிப்பது நியாயமன்று. பிறவியிலேயே தசை குறைந்த ஓர் உடலில், உழைப்புக் குறைந்து உணவு மிகுந்த வாழ்க்கை வந்து சேர்ந்ததன் விளைவே இது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் தலைமை ஏற்று நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 1,13,000-க்கும் மேற்பட்டோர் அதில் பரிசோதிக்கப்பட்டனர். நாட்டில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. அதே ஆய்வில் பொதுவான உடற்பருமன் உடையோர் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் உடையோர் 39.5 விழுக்காடு. எடை கூடியவர்களைக் காட்டிலும் வயிறு பெருத்தவர்களே அதிகம் என்பதை இவ்வெண்கள் உரைக்கின்றன. "ஒல்லியான மனிதருக்கா சர்க்கரை நோய்?" என்று நாம் வியப்பதற்கு இனி இடமில்லை.

தராசு வேண்டாம், நாடா போதும்

இதனால்தான் இவ்விஷயத்தில் தராசை நம்பக் கூடாது. தையல் பெட்டியில் கிடக்கும் அளவு நாடாவே தக்க கருவி. அளக்கும் முறை இது: நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுணருங்கள். அவ்விரண்டுக்கும் நடுவே, நாடாவை உடலில் அழுந்தாமல் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நாம்தான்.

தெற்காசியர்களுக்குப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்திருக்கும் எல்லை, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அங்குலத்தில் சொன்னால் ஏறத்தாழ முப்பத்தைந்தரையும் முப்பத்தொன்றரையும். இதைவிட எளிய கணக்கு ஒன்றும் உண்டு. இடுப்புச் சுற்றளவு நம் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 80-க்குக் கீழே.

"என் கால்சட்டை அளவு பத்து ஆண்டுகளாக 32 தானே!" என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. கால்சட்டையும் கைலியும் வயிறு பெருக்கப் பெருக்க அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். வயிறு வளர்ந்தாலும் இடைவார் அதே துளையில்தான் மாட்டியிருக்கும். ஆகவே ஆடையின் அளவு சான்றாகாது.

ஏமாற்றமும் நற்செய்தியும்

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுவோம். உடலின் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்து அங்குள்ள கொழுப்பைக் கரைக்க முடியாது. படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை நூறு முறை செய்தால் வயிற்றுத் தசை வலுப்படும். அதன் மேலுள்ள கொழுப்பு தனியே கரையாது. 1984-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பங்கேற்ற ஆண்கள் 27 நாட்களில் ஒவ்வொருவரும் 5,004 முறை இப்பயிற்சியைச் செய்தனர். வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புத் திசுவை எடுத்துச் சோதித்தபோது, மூன்றிலும் மாற்றம் ஒரே மாதிரியாகவே இருந்தது. வயிற்றுக்கென்று தனிச் சலுகை கிடைக்கவில்லை.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை பற்றியும் கேள்விப்படுகிறோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 15 பெண்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பில் சுமார் 10 கிலோவை இவ்வாறு அகற்றினர். 2004-இல் வெளியான அதன் முடிவு என்ன? உருவம் மாறிற்று, ஆனால் இன்சுலினின் செயல்பாடோ, இரத்த அழுத்தமோ, கொழுப்பு அளவுகளோ சீரடையவில்லை. தீங்கு செய்யும் உட்கொழுப்பைக் கத்தி தொடவே இல்லை அல்லவா? வியர்க்க வைக்கும் இடுப்புப் பட்டைகளும், பூசும் களிம்புகளும், வெறும் வயிற்றில் பருகும் தேன் கலந்த வெந்நீரும் இக்கொழுப்பை எட்டுவதில்லை. பட்டையால் குறைவது தண்ணீர். ஒரு குவளை நீர் அருந்தியதும் அது திரும்பிவிடும்.

இனி நற்செய்தி. நாம் விரும்பிய இடத்தில் கொழுப்பைக் கரைக்க முடியாது என்றாலும், உடற்பயிற்சிக்கு முதலில் இணங்குவது பெரும்பாலும் அந்த உள்ளுறுப்புக் கொழுப்புதான். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இராபர்ட் ராஸ் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பொருந்தும். பருத்த உடல் கொண்ட ஆண்களில் ஒரு பிரிவினர் மூன்று மாதங்கள் நாள்தோறும் கணிசமான பயிற்சி செய்தனர். ஆனால் செலவழித்த ஆற்றலுக்கு ஈடாக உண்டு, எடை குறையாமல் பார்த்துக்கொண்டனர். எடை அப்படியே இருந்தும், அவர்களது வயிற்றின் உட்கொழுப்பு குறைந்திருந்தது. உடல் வற்றாமலே வயிறு குறையலாம் என்பதற்கு இது நேரடியான சான்று.

பட்டினி ஏன் பயனற்றது?

நாம் தொடக்கத்தில் பார்த்த பெண் செய்தது என்ன? அவள் உணவைக் குறைத்தாள். தசைக்கு வேலை கொடுக்கவில்லை. புரதத்தைக் கூட்டவும் இல்லை. இவ்வாறு எடை குறையும்போது, குறையும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கிறது. அதில் தசையும் அடங்கும். ஏற்கெனவே தசை குறைந்த உடலிலிருந்து மேலும் தசை போகிறது. உண்ட உணவின் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய களஞ்சியம் தசையே. களஞ்சியம் சுருங்கினால் மிஞ்சும் சர்க்கரை எங்கே போகும்? கல்லீரல் அதனைக் கொழுப்பாக்குகிறது. சில மாதங்களில் பட்டினியைக் கைவிட்டதும் எடை திரும்புகிறது. ஆனால் போன தசை முழுமையாகத் திரும்புவதில்லை. அதே எடையில் முன்பைவிடக் கொழுப்பு கூடிய உடலோடு அவள் நிற்கிறாள்.

ஆகவே மெலிந்த உடலும் பருத்த வயிறும் கொண்டோர் கேட்க வேண்டிய கேள்வி, "எடையை எப்படிக் குறைப்பது?" என்பதன்று. "கொழுப்பு இருக்கும் இடத்தில் தசையை எப்படிக் கொண்டுவருவது?" என்பதே. இம்முயற்சியில் இரண்டொரு கிலோ குறையலாம். சிலருக்கு ஒன்றுமே குறையாது. இரண்டும் நன்மையே.

தட்டை மாற்றுவோம்

நம் உணவில் குறை அளவில் மட்டுமன்று, சேர்க்கையிலும் உள்ளது. மேலே குறிப்பிட்ட அதே ஆய்வுத் திட்டத்தின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானபோது, இந்தியர்களின் உணவாற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும், சுமார் 12 விழுக்காடு மட்டுமே புரதத்திலிருந்தும் வருவது தெரிந்தது. மாவுச்சத்தில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை ஆகியவையே.

"நாங்கள் தினமும் கறி மீன் உண்கிறோமே, எங்களுக்குப் புரதக் குறைவா?" என்று நம் வீடுகளில் கேட்கக் கூடும். தட்டை உற்று நோக்குங்கள். மலை போல் நெய்ச்சோறு. அதன் ஓரத்தில் இரண்டு துண்டுக் கறி. எண்ணெய் மிதக்கும் குழம்பு. மதிய பிரியாணிக்குப் பின் மாலையில் சம்சா, இரவில் பரோட்டா. கறி இருக்கிறது, ஆனால் வயிற்றை நிரப்புவது சோறும் மைதாவும் எண்ணெயுமே. காய்கறியோ, தயிரில் மிதக்கும் வெங்காயத்தோடு முடிந்துவிடுகிறது.

தட்டை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். பாதித் தட்டு காய்கறியும் கீரையும்; கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு, சுண்டல் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ; எஞ்சிய கால் தட்டு சோறு அல்லது ரொட்டி. சோற்றை அறவே விட வேண்டியதில்லை. முதலில் காயையும் கறியையும் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை மெல்ல ஏறும். வயிறும் விரைவில் நிறையும்.

உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் சுமார் 7 கிராம் உண்டு. தசையை வளர்க்க விரும்புவோர் இதற்குச் சற்று மேலேயும் உண்ணலாம். சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்து, தேநீர். ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. நாளொன்றுக்கு நான்கு குவளை. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 32 கிராம் ஆகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பதே சிறப்பு என்பது உலக நலவாழ்வு அமைப்பு 2015-இல் தந்த அறிவுரை. விருந்தினர் வீட்டுச் சர்பத்தையும் வட்டிலப்பத்தையும் கணக்கில் சேர்க்காமலே நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம்! வாரம் அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால், இரண்டொரு மாதங்களில் நாக்கு பழகிவிடும். எண்ணெயையும் மறக்கலாகாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. அது தேங்காய் எண்ணெயானாலும் சரி, விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயானாலும் சரி.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். பகல் முழுவதும் உணவின்றி இருந்தும், அம்மாதத்தில் வயிறு குறையவில்லையே என்று வியப்பவர் பலர். நோன்பு திறந்த கையோடு வடையும் சம்சாவும் இனிப்புப் பானமும், இரவில் மீண்டும் ஒரு முழு உணவும் என்றிருந்தால், பகலில் மிச்சமானது இரவில் திரும்பிவிடுகிறது. குறையும் ஓரிரு கிலோவும் பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் வந்து சேர்கிறது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் நல்ல தொடக்கமே. பொரித்த பண்டங்களை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு, சஹர் உணவில் முட்டை, பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சேர்த்து, இரவில் சற்று நடந்தால் அம்மாதம் உடலுக்கும் துணை நிற்கும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் முன்கூட்டியே மருத்துவரைக் கண்டு மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தசைக்கு வேலை

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெருந்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. இது உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வகுத்த அளவு. நடை என்றால் கடைத்தெருவில் நின்று நின்று நடப்பதன்று. பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். இரவு உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, உணவால் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும்.

நடை மட்டும் தசையை வளர்க்காது. அதற்கு எடை தாங்கும் பயிற்சி வேண்டும். வெளியே சென்று பயிற்சி செய்ய இயலாத சகோதரிகள் தயங்க வேண்டியதில்லை. மொட்டை மாடியும் கூடமும் போதும், கருவிகள் தேவையில்லை.

1. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல அமர்தல்: 10 முதல் 12 முறை.

2. சுவரில் கைகளை ஊன்றி, உடலைச் சுவரருகே கொண்டுசென்று தள்ளி மீளுதல்: 10 முறை.

3. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தி இறக்குதல்: 12 முறை.

4. தண்ணீர் நிரப்பிய புட்டிகளை இரு கைகளிலும் ஏந்தி, தோளுயரத்துக்குத் தூக்கி இறக்குதல்: 10 முறை.

5. முழங்கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, உடலைப் பலகை போல் நேராக வைத்து நிறுத்துதல்: 20 நொடி.

இந்த ஐந்தையும் இரண்டு சுற்று செய்யக் கால் மணி நேரம் ஆகும். வாரம் மூன்று நாள் போதும். இடையே ஒரு நாள் ஓய்வு தேவை. எளிதாகத் தோன்றத் தொடங்கியதும் எண்ணிக்கையையும் எடையையும் கூட்ட வேண்டும். அரை லிட்டர் புட்டி ஒரு லிட்டராக, ஒரு லிட்டர் இரண்டு லிட்டராக மாற வேண்டும். கூட்டாவிட்டால் தசை வளராது. மூட்டு வலியோ இதய நோயோ உடையவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்குவது நலம்.

கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு வேலை செய்கிறாளே, அது போதாதா என்று கேட்காதீர்கள். அடுப்படியில் நிற்பது களைப்பைத் தரும், தசையை வளர்க்காது. அந்தக் கால் மணி நேரத்தை அவளுக்கு ஒழித்துக் கொடுப்பது குடும்பத்தின் கடமை.

உறக்கத்தின் பங்கு

அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பருமனற்ற 12 பேரை இரண்டு வாரங்கள் இரவில் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்க விட்டனர். ஒன்பது மணி நேரம் உறங்க விட்ட நாட்களோடு ஒப்பிட்டபோது, அவர்கள் நாள்தோறும் 300 கலோரிக்கு மேல் கூடுதலாக உண்டனர். எடை சிறிதே கூடிற்று. ஆனால் வயிற்றின் உட்கொழுப்பு சுமார் 11 விழுக்காடு உயர்ந்தது. இரவுப் பணியில் இருக்கும் நம் பிள்ளைகளும், நள்ளிரவு வரை கைப்பேசித் திரையில் விழித்திருப்போரும் இதனை நினைவில் கொள்ள வேண்டும். ஏழு மணி நேர உறக்கமும் வயிற்றுக்கு ஒரு மருந்தே. புகைப்பவர்களுக்கும் ஒரு சொல்: புகைத்தால் உடல் மெலியும் என்பது பாதி உண்மை, புகைப்போருக்கு எடை குறைவாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றிலேயே சேர முற்படுகிறது.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு

பேறுகாலத்துக்குப் பின் வயிறு தளர்ந்து முன்னே நிற்பதற்குக் கொழுப்பு மட்டுமே காரணமன்று. கருப்பை வளரும்போது, வயிற்றின் நடுவே இணைந்திருக்கும் இரு நீளத் தசைகளும் விலகிக்கொள்கின்றன. பலருக்கு அவை தாமே நெருங்கிவிடும், சிலருக்கு நெருங்குவதில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைச் சற்றே தூக்கிக்கொண்டு தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால், இயன்முறை மருத்துவரைக் காண்பது நல்லது. அவர்கள் படுத்து எழும் பயிற்சியில் இறங்கினால் இடைவெளி மேலும் விரியக் கூடும். வயிற்றை மெல்ல உள்ளிழுத்து மூச்சு விடும் பயிற்சியே அவர்களுக்குத் தொடக்கம். அறுவை சிகிச்சையால் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவர் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும்.

வயிற்றில் துணி கட்டும் வழக்கம் சிலருக்கு இதமான தாங்கலைத் தரும், கொழுப்பைக் கரைக்காது. பாலூட்டும் தாய் பட்டினி கிடக்கவே கூடாது. அதே வேளையில், நாற்பது நாளுக்கென்று தொடங்கிய நெய்யும் இனிப்பும் ஓராண்டு வரை தொடர்வதும் வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றை நோக்கி இடம் மாறுகிறது. நாற்பது வயதிலேயே தசைப் பயிற்சியைப் பழகிக்கொண்டவர்களுக்கு இந்த மாற்றம் பெருஞ்சுமையாக இராது.

மருத்துவரை எப்போது நாடுவது?

வயிற்றுச் சுற்றளவு எல்லையைத் தாண்டியிருந்தால், எடை எதுவாக இருப்பினும், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் நீரிழிவு இருந்தால் முப்பது வயதிலேயே பார்ப்பது நல்லது.

சில அறிகுறிகளைத் தொந்தி என்று எண்ணிக் காலம் தாழ்த்தக் கூடாது. சில வாரங்களிலேயே வயிறு விரைந்து பெருப்பது, உடல் மெலிய மெலிய வயிறு மட்டும் வளர்வது, கால் வீக்கம், கண் மஞ்சளாதல், பசியின்மை, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, மாதவிலக்கு ஒழுங்கு தவறுவது ஆகியவை கல்லீரல், கருப்பை, சினைப்பை, தைராய்டு போன்றவற்றின் கோளாறுகளாக இருக்கலாம். பெண்கள் கூச்சத்தின் காரணமாக இவற்றை மறைத்துக்கொள்வதால் நேரும் இழப்பு பெரிது.

பொறுமையும் வேண்டும். இருபது ஆண்டுகளில் சேர்ந்தது இருபது நாட்களில் போகாது. மாதந்தோறும் முதல் நாள் காலையில் வெறும் வயிற்றில் அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வாருங்கள். மூன்று மாதங்களில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தால், தராசின் முள் அசையாவிட்டாலும், நீங்கள் வென்றுகொண்டிருக்கிறீர்கள். கண்ணாடியில் தெரியும் முன்பே கல்லீரலுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அந்த வெற்றி எட்டியிருக்கும்.

மேனி மெலிந்திருக்கிறது என்று நிம்மதி கொள்ளவும் வேண்டாம். வயிறு பருத்திருக்கிறது என்று நாணிப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். நம் பெற்றோரிடமிருந்து வந்த உடல்வாகை மாற்ற முடியாது. அந்த உடலுக்கு எதை உண்ணக் கொடுக்கிறோம், எவ்வளவு உழைக்க வைக்கிறோம் என்பவை நம் கையில் இருக்கின்றன. இந்த மாதமே அந்த நாடாவை எடுத்து வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரையும் அளந்துவிடுங்கள். ஒல்லியானவர்களை விட்டுவிடாதீர்கள், முதலில் அளக்க வேண்டியவர்கள் அவர்களே.